கவினின் முன்பல்

சயான், மும்பை

அன்புள்ள மரகதம்,

உன் கடிதமும் கவினுடைய எக்ஸ்ரேயும் முந்தாநாள் வந்தன. இங்கே ஒரு வாரமாக அடைமழை. என் பல் கிளினிக்குக்கு ஆள் வரத்து குறைவு. அதனால் படத்தை வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்க்க முடிந்தது.

சைக்கிளில் விழுந்து நாலு மாதம் என்கிறாய். பல் சாம்பல் நிறமாகிவிட்டது, ஈறில் சின்னச் சீழ்க் கொப்புளம் வேறு. அடிபட்டபோதே ரத்த ஓட்டம் அறுந்து, பல்லின் நடுவிலிருக்கும் கூழ் செத்துவிட்டது. எட்டு வயதில் முன்பல் முளைத்திருக்குமே தவிர வேர் முடிந்திருக்காது. நுனி மூட இன்னும் இரண்டு வருஷமாவது ஆகும். கூழ் போனால் வேரின் வளர்ச்சியும் அப்படியே நின்றுவிடும். சுவர் மெலிந்து, நுனி அகலத் திறந்திருக்கிற பல்லில் உள்ளே சுரண்டிச் சுத்தம் செய்து அடைக்கிற வழக்கமான ரூட் கேனல் சரிப்படாது. உங்கள் ஊர் டாக்டர் தயங்கியது அதனால்தான். தயங்கியதே நல்லது.

அடுத்து அந்தப் பல் வங்கிக்காரர் விஷயம். பால்பல் விழ விழ எடுத்து உறைய வைத்தால், அதிலிருக்கும் ஸ்டெம் செல், அதாவது வேறு திசுக்களாக வளரக்கூடிய மூல செல், பின்னாளில் சர்க்கரை வியாதியிலிருந்து முதுகுத்தண்டு வரை எல்லாவற்றுக்கும் ஆகும் என்றாராமே. பணம் கட்டாதே, மரகதம். 2012-ல் இதே மாதிரி ஒரு கம்பெனியின் நோட்டீஸை என் மேஜையிலேயே வைத்திருந்தேன். நான் சொன்னேன் என்றுதான் என் தங்கை தன் மகனுடைய பல்லுக்குப் பணம் கட்டினாள். நாலைந்து வருஷத்தில் அந்த நம்பரில் யாரும் எடுக்கவில்லை. பல் எங்கே இருக்கிறதென்று இன்றுவரை தெரியாது. அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது இன்னும் எனக்கு உறுத்துகிறது. 2017-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆர் வெளியிட்ட நெறிமுறையில் தெளிவாகவே இருக்கிறது: காசு வாங்கிச் சேமிக்க அனுமதி தொப்புள்கொடி ரத்தத்துக்கு மட்டும்தான். பல்லுக்குக் கிடையாது.

அதற்காக விஞ்ஞானமே பொய் என்று நினைத்துவிடாதே. 2000-ல் அமெரிக்காவில் கிராந்தோஸ், ஷி ஆகியோரின் குழு கடைவாயில் பிடுங்கிய ஞானப்பல்லின் கூழில் ஸ்டெம் செல்களைக் கண்டுபிடித்தது. நாங்கள் தினமும் மஞ்சள் பையில் போட்டுக் கழிவுக்கு அனுப்புகிற அதே பல். அப்புறம் ஷியின் ஆறு வயது மகளுக்குப் பால்பல் ஆடியது. விழுந்த பல்லுக்குள் சிவப்பாகச் சதை ஒட்டியிருப்பதைப் பார்த்து ஆய்வகத்துக்கு எடுத்துப்போனார். ஒரு பல்லில் தேறியது 12 முதல் 20 செல்கள்தான். ஆனால் அவை விறுவிறுவென்று பெருகின. 2003-ல் கட்டுரை வந்தது. நம் ஆச்சி சாணியில் உருட்டி ஓட்டு மேல் எறியச் சொன்ன பல்லை ஒரு அப்பா உற்றுப் பார்த்திருக்கிறார். இதை எப்போது நினைத்தாலும் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

கவினுக்கு நெருக்கமான செய்தி 2018-ல் சீனாவின் ஷியானிலிருந்து வந்தது. விழுந்து முன்பல் செத்துப்போன குழந்தைகள் சுமார் நாற்பது பேர். அவர்களில் பெரும்பாலோருக்கு, அவரவருடைய பால்பல் ஒன்றின் கூழிலிருந்து செல்லை வளர்த்து, செத்த பல்லுக்குள் வைத்தார்கள். ஒரு வருஷத்தில் வேர் நீண்டது, நுனி சுருங்கியது, உணர்ச்சி கூடத் திரும்பியது. படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் அது ஆராய்ச்சிக்குள் நடந்த சிகிச்சை. இன்று கவினை அழைத்துப்போய்ச் செய்துகொள்ள முடியாது.

செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன். வளரும் வேரின் நுனியில் மெத்தென்று கொஞ்சம் திசு இருக்கும். அதிலும் ஸ்டெம் செல் உண்டு, சீழ் பிடித்த பல்லில்கூடப் பல சமயம் தாக்குப்பிடித்திருக்கும். முதல் தடவை பல்லைத் திறந்து, சுரண்டாமல், கிருமிநாசினியால் கழுவி மருந்து வைத்து மூடுவார்கள். சில வாரம் கழித்து மருந்தை எடுத்துவிட்டு, மெல்லிய ஊசியை நுனிக்கு அப்பால் லேசாகத் தொட்டு ரத்தம் கசிய விடுவார்கள். அந்த ரத்தத்தோடு செல்களும் பல்லுக்குள் ஏறும். உறைந்ததும் மேலே எம்டிஏ என்கிற சிமென்ட் வைத்து அடைப்பார்கள். மரத்துப்போகப் போடும் ஊசியில் அட்ரினலின் இல்லாமல் இருந்தால் நல்லது, இல்லையென்றால் ரத்தம் சரியாக வராது. இதை டாக்டரிடம் கேட்டுவிடு.

முழு உண்மையும் சொல்லிவிடுகிறேன். சீழ் பெரும்பாலும் ஆறிவிடும். வேர் நீளுவதும் தடிப்பதும் பிள்ளைக்குப் பிள்ளை வித்தியாசப்படும். உள்ளே வளர்வது பழைய கூழ் போலவே இருக்காது, பல நேரம் எலும்பு மாதிரியான திசுதான். பல்லின் நிறமும் கொஞ்சம் மங்கலாம். இருந்தாலும் பதினெட்டு வயது வரை அவனுடைய சொந்தப் பல் வாயில் நின்றாலே பெரிய காரியம். தாடை வளர்ந்து முடியும் முன்னே இம்ப்ளான்ட், அதாவது எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல், வைக்கக் கூடாது.

இன்னொன்று. அவனோடு விளையாடுகிற பிள்ளைகளின் அம்மாக்களிடம் சொல்லி வை. நிலைப்பல் முழுசாகப் பிடுங்கிக்கொண்டு விழுந்தால், வேரைத் தொடாமல் உடனே குழியிலேயே செருக வேண்டும். முடியாவிட்டால் குளிர்ந்த பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் ஓட வேண்டும்.

குழந்தைப் பல் நிபுணரிடமோ ரூட் கேனல் நிபுணரிடமோ இந்த வாரமே காட்டு. பரீட்சை லீவு வரைக்கும் தள்ளிப்போடாதே, சீழ் இருக்கிறது. அங்கே யாரும் சரிப்படவில்லை என்றால் தாதர் எக்ஸ்பிரஸில் ஏற்றிக் கூட்டி வந்துவிடு, வீட்டில் இடம் இருக்கிறது. அவனைப் பார்க்கிற டாக்டர் என்னோடு பேச வேண்டுமென்றால் இரவு ஒன்பது மணிக்கு மேல் கூப்பிடச் சொல்.

அன்புடன்,
தமயந்தி