முகாம் நடத்தும் நண்பர்களே, ஊசிக்கு முன் இரண்டு நாற்காலி போடுங்கள்

அன்புள்ள முகாம் குழுவினருக்கு,

வணக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் தொழிலாளர்கள் காலையில் கூடும் பெரட்டுக்களத்தில் நீங்கள் நடத்தவிருக்கும் இலவசப் புராஸ்டேட் பரிசோதனை முகாமின் நோட்டீஸைக் கட்டபெட்டு டீக்கடையில் பார்த்தேன். 40 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் எல்லோரும் வரலாம், பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை செய்யப்படும், 4க்கு மேல் இருந்தால் புற்றுநோய், மறுநாள் சீட்டு கிடைக்கும், வருபவர்களுக்கு டீயும் பன்னும் உண்டு என்று போட்டிருக்கிறீர்கள். டீயையும் பன்னையும் தவிர மற்ற ஒவ்வொரு வரியைப் பற்றியும் எனக்குச் சொல்ல இருக்கிறது.

எனக்கு 68 வயது. கோத்தகிரி வட்டத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 34 வருடம் கொழுந்து வாட்டும் தட்டிலும் ரோலரிலும் வேலை பார்த்தவன். என் அண்ணன் புராஸ்டேட் புற்றுநோயில் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. எனக்கும் இந்த நோய் இருக்கிறது, நான்கு வருடமாக. ஆகவே முகாமுக்கு எதிராகப் பேசுகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடும் முகாமுக்குத்தான் எதிராகப் பேசுகிறேன்.

முதலில் அண்ணன். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அவர் வீடு ஒரு கோடி, கழிப்பறை மறு கோடி. நடுவில் எட்டுக் கதவு. இரவில் ஐந்து முறை கம்பளியைப் போர்த்திக்கொண்டு டார்ச்சோடு அந்த எட்டுக் கதவையும் தாண்டிப் போவார். முதலில் குரைத்துக்கொண்டிருந்த நாய், பிறகு குரைப்பதையே விட்டுவிட்டது. கேட்டால், "பனிக்கு அப்படித்தான்" என்பார். நாங்களும் நம்பினோம். இந்த மலையில் டிசம்பர், ஜனவரியில் யார்தான் அடிக்கடி எழுந்து போகவில்லை? பிறகு இடுப்பு வலி வந்தது. அதற்கும் காரணம் தயாராக இருந்தது: 30 வருடம் கொழுந்து மூட்டை சுமந்த முதுகு. ஒரு வருடம் தைலமும் டிஸ்பென்சரி ஊசியுமாகப் போனது. ஒரு நாள் காலையில் கால் தரையில் ஊன்றவில்லை. கோவைக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்தபோது நோய் முதுகெலும்பில் இறங்கித் தண்டுவடத்தை நெருக்கிக்கொண்டிருந்தது.

பனியும் மூட்டையும் இல்லாத ஊரில் இருந்திருந்தால் அவர் முன்னாடியே மருத்துவரிடம் போயிருப்பார் என்று இப்போதும் தோன்றுகிறது.

ஆனாலும் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், உங்கள் நோட்டீஸில் அது இல்லை. இரவில் பலமுறை எழுவது, நீர் மெலிதாக விட்டுவிட்டு வருவது, போய் வந்த பிறகும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றுவது ஆகியவை பெரும்பாலும் புற்றுநோய் அல்ல, வயதான சுரப்பியின் சாதாரண வீக்கம். அந்த வீக்கம் புற்றுநோயாக மாறுவதும் இல்லை. புராஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே நீர்க்குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் அக்ரூட் அளவுச் சுரப்பி. சாதாரண வீக்கம் குழாயை ஒட்டி வருகிறது, அதனால் சீக்கிரமே தொல்லை தருகிறது. புற்றுநோய் பெரும்பாலும் வெளி ஓரத்தில் தொடங்குகிறது, குழாயைத் தொடுவதில்லை, அதனால் ஆரம்பத்தில் சத்தமே போடாது. அண்ணனுக்கு இரண்டும் இருந்திருக்கலாம். அவர் கவலைப்பட்டிருக்க வேண்டியது கழிப்பறை நடையை விட அந்த ஒரு வருட இடுப்பு வலிக்குத்தான். கால் மரத்துப்போனாலோ, திடீரென்று வலுவிழந்தாலோ அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதை நோட்டீஸில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இனி அந்த 4. பி.எஸ்.ஏ. என்பது விந்துவை நீர்க்க வைப்பதற்காக இந்தச் சுரப்பி உண்டாக்கும் புரதம். கொஞ்சம் ரத்தத்தில் கசியும். புற்றுநோய் இருந்தால் கூடுதலாகக் கசியும். வீக்கத்துக்கும் கசியும், நீர்க்கடுப்புக்கும் கசியும், சிறுநீர் வெளியேற ரப்பர் குழாய் போட்டிருந்தாலும் கசியும், இரண்டு நாளுக்குள் மனைவியோடு கூடியிருந்தாலும் சற்று ஏறும். நெடுநேரம் சைக்கிள் ஓட்டினாலும் ஏறலாம் என்கிறார்கள், நம் ஏற்றத்தில் அந்தக் கவலை யாருக்கும் வேண்டாம். 4 முதல் 10 வரை காட்டுபவர்களில் திசுவை எடுத்துப் பார்த்தால் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கிறது. 4க்குக் கீழே இருப்பவர்களிலும் சிலருக்கு இருப்பதுண்டு. வீக்கத்துக்கு ஃபினாஸ்டரைடு அல்லது டுட்டாஸ்டரைடு மாத்திரை ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிடுபவருக்கு அந்த எண் பாதியாகக் குறைந்து காட்டும். அவருடைய 3 உண்மையில் 6. ஊசி போடும் பெண்ணிடம் அவர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

நான்கு வருடத்துக்கு முன் இதேபோன்ற ஒரு முகாமில் என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. மறுநாள் 7.2 என்று சிவப்பு மையில் வட்டம் போட்ட சீட்டு வந்தது, "உடனே மருத்துவரைப் பார்க்கவும்" என்ற முத்திரையோடு. எந்த மருத்துவரை, எங்கே, எவ்வளவு செலவில் என்று இல்லை. கீழே ஒரு மருத்துவமனைக்குப் போனேன். சீட்டைப் பார்த்தார்கள், அடுத்த வாரம் அறுவைக்கு நாள் குறித்தார்கள். திசுவை எடுத்துப் பார்க்காமலே! பயத்தில் தலையாட்டிவிட்டு வந்தேன். என் மனைவிதான், "ரேடியோ வாங்கவே மூன்று கடை ஏறினீர்கள்" என்று வேறொரு மருத்துவரிடம் கூட்டிப்போனாள். அவர் சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார், 6.1. பிறகு எம்.ஆர்.ஐ. ஸ்கேன், அதன் பிறகுதான் திசு எடுக்கும் ஊசி.

அந்த ஊசியை என் வேலைக்காரப் புத்திக்குத் தெரிந்தபடி சொல்கிறேன். கொழுந்து எடை போடும் இடத்தில் சாக்கில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, இரண்டு இலையும் மொட்டும் எத்தனை, முற்றல் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பார்களே, அதுதான் திசுப் பரிசோதனை. சுரப்பியில் 12 இடத்தில் பிடி அள்ளுகிறார்கள். சாக்கின் மூலையில் முற்றல் கிடந்து பிடியில் சிக்காமல் போவதுண்டு. எம்.ஆர்.ஐ. முன்னதாக எடுத்தால் எந்த மூலையில் கைவிட வேண்டும் என்று காட்டிக்கொடுக்கிறது.

எனக்கு இரண்டு பிடியில் நோய் இருந்தது. அறிக்கையில் கிளீசன் 6 என்று எழுதியிருந்தது. பத்துக்கு ஆறு என்றதும் பாதியைத் தாண்டிவிட்டது என்று என் மனைவி மருத்துவமனை வராந்தாவிலேயே அழுதாள். உண்மையில் இப்போது கொடுக்கப்படும் மதிப்பெண்ணில் 6தான் மிகக் குறைவு. டொனால்டு கிளீசன் என்ற அமெரிக்க மருத்துவர் 1960களில் உண்டாக்கிய கணக்கு அது: நுண்ணோக்கியில் அதிகமாகத் தெரியும் இரண்டு வகைச் செல் அமைப்புகளுக்கும் ஒவ்வோர் எண் கொடுத்துக் கூட்டுவார்கள். 3+3 என்றால் சோம்பேறி. 4+4, 4+5 என்றால் அவசரக்காரன். 3+4, 4+3 இரண்டும் 7தான், ஆனால் இரண்டாவது கடுமையானது. இதை வராந்தாவிலேயே யாராவது சொல்லியிருந்தால் அவள் அவ்வளவு அழுதிருக்க மாட்டாள்.

என்னைப் போன்ற சோம்பேறிப் புற்றுநோய்க்காரனுக்கு மூன்று வழி இருக்கிறது. சுரப்பியை எடுத்துவிடுவது, கதிர்வீச்சு, அல்லது விடாமல் கண்காணிப்பது. இங்கிலாந்தில் 1,643 ஆண்களை இந்த மூன்று வழிக்கும் பிரித்துவிட்டு 15 வருடம் பார்த்த ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. எந்த வழியில் போனவர்களிலும் இந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். ஆனால் கண்காணிப்பில் இருந்தவர்களில் நூற்றுக்கு 9 பேருக்கு நோய் வேறு இடத்துக்குப் பரவியது. மற்ற இரண்டு வழியிலும் 5 பேருக்கு. அறுவை செய்தவர்களுக்கு நீர் கசிவதும் உறவில் குறைபாடும் மற்றவர்களை விட அதிகம், கதிர்வீச்சில் மலக்குடல் தொல்லை. இவ்வளவையும் என் மருத்துவர் ஒரு தாளில் படம் போட்டுச் சொல்ல 20 நிமிடம் எடுத்துக்கொண்டார். நான் கண்காணிப்பைத் தேர்ந்தெடுத்தேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தம், அவ்வப்போது எம்.ஆர்.ஐ., ஒரு முறை மறுபடி ஊசி. சும்மா இருப்பது அல்ல இது. எண் ஏறினாலோ செல் மாறினாலோ சிகிச்சைக்குப் போவேன்.

எங்கள் லயத்திலேயே இன்னொருவர் கதிர்வீச்சைத் தேர்ந்தெடுத்தார், அவருடைய நோய் கொஞ்சம் வேகமானது. முன்பெல்லாம் ஏழெட்டு வாரம் எடுத்ததை இப்போது பலருக்கு 20 நாளில் முடிக்கிறார்கள். சிலருக்கு ஐந்தே முறை. இந்த வேறுபாடு சமவெளியில் இருப்பவருக்கு வசதி, நமக்கோ அதுவே சிகிச்சை நடக்குமா நடக்காதா என்பதைத் தீர்மானிக்கும் கேள்வி. தினம் கோத்தகிரியிலிருந்து இறங்கிக் கோவை போய் ஏறி வர முடியாது. கதிர்வீச்சின்போது சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும் என்பதால் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். நம் ஆட்களோ பஸ்ஸில் அடக்க முடியாது என்று முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீரைத் தொட மாட்டார்கள். மலைச்சாலையில் குஞ்சப்பனை வரும்வரை ஓட்டுநரின் முதுகையே பார்த்துக்கொண்டு வருபவர்களை எனக்குத் தெரியும். எங்கள் லயத்துக்காரர் கோவையில் நாலு வாரம் அறை எடுத்துத் தங்கினார். சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தது, அறை வாடகைக்கு மகளின் நகை போனது. உங்கள் குழு திரட்டும் பணத்தில் ஒரு பங்கை ரத்தம் எடுக்கும் கண்ணாடிக் குப்பிகளுக்குச் செலவிடாமல் இப்படிப்பட்ட அறைக்கு ஒதுக்கினால் நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

பரவிய பிறகும் வழி இல்லாமல் இல்லை. இந்த நோய்க்குத் தீனி ஆண் ஹார்மோன். அதை நிறுத்தினால் நோய் சுருங்கும் என்று 1941இல் காட்டியவர் சார்லஸ் ஹக்கின்ஸ், அதற்காக 1966இல் நோபல் பரிசு பெற்றார். அண்ணனுக்கு இரண்டு வழி சொன்னார்கள்: மூன்று மாதத்துக்கு ஒரு முறை விலை கூடிய ஊசி, அல்லது விதைகளை ஒரேயடியாக எடுத்துவிடும் சிறிய அறுவை. அண்ணன் ஊசிதான் என்று பிடிவாதம் பிடித்தார். மழைக்குச் சாலை சரிந்து ஒரு ஊசி மூன்று வாரம் தள்ளிப்போனது, வலி திரும்பியது. அண்ணிதான் பேசினார்: "நமக்கு இனிமேல் என்ன பிள்ளையா பிறக்கப்போகிறது?" அறுவை முடிந்து பத்தே நாளில் வலி பாதியானது. இரண்டு வருடம் இருந்தார், கடைசிப் பேரனுக்குப் பெயர் வைக்கும் வரை. ஒரு வருடம் முன்னால் கண்டுபிடித்திருந்தால் என்ற கணக்கை நான் போடுவதில்லை, போட்டால் தூக்கம் வராது.

சரி, உங்கள் நோட்டீஸில் வயது பற்றிய வரி. ஐரோப்பாவில் 55 முதல் 69 வயது வரை உள்ளவர்களை இந்த ரத்தப் பரிசோதனைக்கு அழைத்து 23 வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2025இல் சொன்னது: 456 பேரை அழைத்தால் ஒரு மரணம் குறைகிறது, கூடுதலாகக் கண்டுபிடிக்கப்படும் 12 நோயாளிகளுக்கு ஒருவர் பிழைக்கிறார். பலன் உண்டு. ஆனால் அந்தப் பன்னிரண்டில் மீதிப் பேரில் பலர், பரிசோதனை செய்யாமல் விட்டிருந்தால் இந்த நோய் இருந்ததே தெரியாமல் வாழ்ந்திருப்பார்கள். அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2018இல், 55 முதல் 69 வரை மருத்துவரோடு பேசி அவரவர் முடிவு செய்யலாம், 70க்கு மேல் வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றது. நீங்களோ கீழ்க்கோத்தகிரியிலிருந்து 82 வயதுப் பெரியவர் ஒருவரை ஜீப்பில் ஏற்றி வரப்போவதாகக் கேள்விப்பட்டேன். இதயக் கோளாறும் மூச்சுத் திணறலும் உள்ள அவருக்கு 6 என்ற எண்ணைக் கொடுத்து என்ன செய்யப்போகிறீர்கள்? அவருக்கு டீயும் பன்னும் கொடுங்கள், இடுப்பு வலி இருக்கிறதா என்று கேளுங்கள், போதும்.

முந்திக் கேட்க வேண்டியவர்கள் வேறு. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் வந்திருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. அவர்களிடம் 45 வயதிலேயே பேச்சைத் தொடங்க வேண்டும். அக்கா தங்கைக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருந்தாலும் சொல்லச் சொல்லுங்கள், பி.ஆர்.சி.ஏ. 2 என்ற மரபணுப் பழுது இரண்டுக்கும் பொது. ஆனால் "குடும்பத்தில் புற்றுநோய் உண்டா?" என்று கேட்டால் எங்கள் ஆட்களிடம் பதில் வராது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு பாதிக் குடும்பம் கப்பலேறி இங்கே வந்தது, பாதி இலங்கையில் பதுளையிலும் அட்டனிலும் நின்றுவிட்டது. அங்கே நின்ற சித்தப்பா எப்படி இறந்தார் என்று எனக்குத் தெரிந்ததெல்லாம், "நீரடைத்துப் போய்விட்டார்" என்று வந்த ஒரு கடிதம். அதனால் இப்படிக் கேளுங்கள்: உங்கள் வீட்டு ஆண்களில் யாராவது நீரடைத்து இறந்தார்களா, இடுப்பு வலியோடு படுக்கையில் கிடந்து இறந்தார்களா? படகர் ஊர்களில் படக மொழியிலேயே கேளுங்கள்.

மேசையருகே, ஊசிக்கு முன்னால் பேச, இரண்டு நாற்காலி போடுங்கள். ஒன்றில் அவர், இன்னொன்றில் அவர் மனைவி. பத்து நிமிடம். என்ன மாத்திரை சாப்பிடுகிறார், நீர்க்கடுப்பு, காய்ச்சல் உண்டா, எண் கூடினால் அடுத்து என்னவெல்லாம் வரும், அதற்கு அவர் தயாரா என்று பேசிவிட்டு, வேண்டும் என்பவருக்கு மட்டும் ரத்தம் எடுங்கள். முடிவைச் சிவப்பு வட்டத்தில் அனுப்பாமல் கூப்பிட்டுச் சொல்லுங்கள். கூடுதலாக இருந்தால் சில வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். மேற்கொண்டு ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கோவைக்கோ போக வேண்டியவர்களோடு கூடப் போக ஒருவரை இப்போதே நியமித்து வையுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வீடு வீடாக வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் சகோதரிகளையும் அழையுங்கள். ஆண்கள் உங்களிடம் சொல்லாததை அவர்களிடம் வீட்டுப் பெண்கள் சொல்வார்கள்.

நானும் ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கே வந்துவிடுவேன். என் பழைய சீட்டையும் கிளீசன் அறிக்கையையும் கொண்டுவருகிறேன், பார்க்க விரும்புபவர்கள் பார்க்கட்டும். மூத்த மகனையும் அழைத்து வருகிறேன். அவனுக்கு 45 வயது. பெரியப்பாவைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏற்றியவன் அவன்தான். அவனை முதல் நாற்காலியில் உட்கார வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிற்சாலைத் தொழிலாளி,
கோத்தகிரி வட்டம்