அத்தானுக்கு ஒரு கடிதம்: காதில் மாட்டினாலும் போன் போன்தான்

அன்புள்ள அத்தானுக்கு,

போன வாரம் சாப்பிட உட்கார்ந்தபோது, நீங்கள் வண்டி ஓட்டிக்கொண்டே போன் பேசுவதைப் பற்றிப் பேச்சு வந்தது, அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு நான் பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன். நேரில் சொன்னால் நீங்கள் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். உங்களைப் போல டிராவல்ஸ் வண்டி ஓட்டுகிற யாராவது படித்தால் அவர்களுக்கும் ஆகட்டும் என்று இங்கேயே போடுகிறேன்.

நீங்கள் அன்றைக்குச் சொன்னது இதுதான்: "கையில பிடிச்சுப் பேசினாத்தான தப்பு? நான் ப்ளூடூத்துலதான பேசுதேன், ரெண்டு கையும் ஸ்டியரிங்லதான இருக்கு."

சட்டமும் கையைத்தான் பார்க்கிறது, உண்மைதான். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவதை 184ஆம் பிரிவில் ஆபத்தாக ஓட்டுவதோடு சேர்த்தார்கள். முதல் தடவைக்கே 5,000 ரூபாய் வரை அபராதம், சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. 2020 அக்டோபரிலிருந்து வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்தலாம், அதுவும் ஓட்டுகிறவர் கவனம் கலையாதபடி, என்று விதியில் எழுதினார்கள். ஆனால் ரோட்டோரம் நிற்கிற போலீஸ்காரர் உங்கள் கையைத்தான் பார்க்க முடியும். உங்கள் மனசு குற்றாலம் டிரிப்புக்கு ரேட் பேசிக்கொண்டிருக்கிறதா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மதுரை ஏர்போர்ட்டிலிருந்து என்னைக் கூட்டிக்கொண்டு வந்தீர்களே, அந்தச் சாயங்காலத்தை யோசித்துப் பாருங்கள். சாத்தூர் தாண்டியதும் ஒரு போன். யாரோ ஒரு பார்ட்டி, இரண்டு நாள் டிரிப், கிலோமீட்டருக்கு எவ்வளவு, டிரைவர் பேட்டா உண்டா, டோல் யார் கட்டுவது என்று பேச்சு நீண்டுகொண்டே போனது. சென்டர் மீடியனில் ஒரு இடைவெளி வந்தது. அங்கே ஒருவர் டிவிஎஸ் எக்ஸெல்லில் பின்னால் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு, ஒரு காலை ஊன்றி, நம் பக்கம் தாண்டுவதற்குக் காத்துக்கொண்டிருந்தார். நான் அவரை வெகு தூரத்திலேயே பார்த்துவிட்டேன். பார்க்காமல் இருக்க முடியாது, அந்தப் புல்லுக்கட்டு அவரைவிட அகலம். நீங்களும் நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், தலை திரும்பவில்லை, கண் கீழே போகவில்லை. அவர் வண்டியை நகர்த்திய பிறகு நீங்கள் அடித்த பிரேக்கில் என் சீட் பெல்ட் நெஞ்சில் இறுகியது. "எங்கேருந்து வந்தான்னே தெரியலையே" என்றீர்கள். பொய்யில்லை அத்தான், உங்களுக்கு நிஜமாகவே தெரியவில்லை, எனக்குப் பயமே அதுதான்.

அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் என்ற உளவியல் பேராசிரியர் இதைத்தான் வருஷக்கணக்காக ஆராய்ந்திருக்கிறார். 2001இல் வந்த அவருடைய ஆய்வில், போன் பேசியவர்கள் சிவப்பு விளக்கைத் தவறவிடுவது இரண்டு மடங்கானது. கையில் பிடித்துப் பேசினாலும் பிடிக்காமல் பேசினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ரேடியோ கேட்டவர்களுக்கு அப்படி ஆகவில்லை, அதனால் உங்கள் இளையராஜா பாட்டுக்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். அதற்குப் பிறகு, ஓட்டுகிறவர்களின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தார்கள். வழியில் இருந்த விளம்பரப் பலகைகள் மேல் கண் பட்டிருக்கிறது, ஆனால் போன் பேசியவர்களுக்கு அதில் பல நினைவிலேயே இல்லை. சாத்தூருக்கு அந்தப் பக்கம் நடந்தது இதேதான்.

"நீ பக்கத்துல உட்கார்ந்து பேசினா மட்டும் பரவாயில்லையா?" என்று கேட்பீர்கள். அதையும் சோதித்திருக்கிறார்கள், பக்கத்தில் இருப்பவரோடு பேசுவது போன் அளவுக்குக் கெடுப்பதில்லை. பக்கத்தில் இருக்கிறவனுக்கும் ரோடு தெரியும் அல்லவா? லாரி ஒன்று இண்டிகேட்டர் போடாமல் வலது பக்கம் ஏறினால் நான் வாயை மூடிக்கொள்வேன், இல்லையென்றால் "அத்தான், லாரி" என்பேன். போனில் இருக்கிற பார்ட்டிக்கு லாரியும் தெரியாது, கோவில்பட்டிப் பக்கம் கிடை மாறிப் போகிற ஆட்டுக்கூட்டம் ரோட்டைத் தாண்டுவதும் தெரியாது. நீங்கள் ஒரு நொடி பதில் சொல்லாமல் இருந்தால் "ஹலோ, ஹலோ, லைன்ல இருக்கீங்களா" என்பார், நீங்களும் ஆட்டை விட்டுவிட்டு அவருக்குப் பதில் சொல்வீர்கள்.

80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறது. வாட்ஸ்அப்பில் யார் என்று எட்டிப் பார்க்க மூன்று நொடி ஆனால் 66 மீட்டர். இது உங்களுக்கே தெரியும், அதனால்தான் மெசேஜ் படிப்பதில்லை, அந்த விஷயத்தில் நீங்கள் ஒழுங்கு. ஆனால் வாய்ஸில் சொல்லி நம்பர் போடுகிறீர்கள், பாட்டு மாற்றுகிறீர்கள். ஏஏஏ என்ற அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கத்தின் அறக்கட்டளை 2015இல் வெளியிட்ட ஆய்வில், சில வண்டிகளில் அப்படி வாய்ஸில் வேலை சொல்லி முடித்த பிறகும் 27 நொடி வரை கவனம் முழுசாகத் திரும்பவில்லை. அதே 80இல் அது 600 மீட்டர்.

இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டுகிறேன், ஒரு கீறல் இல்லை என்பீர்கள். அந்த அனுபவத்தை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன், இந்த ரோட்டில் நான் நம்பி ஏறுகிற வண்டி உங்களுடையதுதான். ஆனால் அந்த அனுபவம் உங்களுக்குச் செய்துகொடுப்பது என்ன? கயத்தாறு வந்தால் ராங் சைடில் பைக் வரும், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் சைக்கிள்கள் வரும், மழை பெய்து ஓய்ந்தால் சர்வீஸ் ரோட்டிலிருந்து டிராக்டர் சேற்றோடு ஏறும் என்று வருவதற்கு முன்பே எதிர்பார்க்க வைப்பது. போன் முதலில் பிடுங்கிக்கொள்வது அந்த எதிர்பார்ப்பைத்தான். மிச்சம் இருப்பது ஸ்டியரிங் பிடிக்கிற பழக்கம் மட்டும், அது புதுசாக லைசென்ஸ் எடுத்த பையனுக்கும் இருக்கிறது.

சரி, பிழைப்பு? நீங்கள் எடுக்காவிட்டால் அடுத்த வண்டிக்காரருக்கு டிரிப் போய்விடும், அது எனக்குப் புரிகிறது. டியூவும் இன்சூரன்ஸும் எஃப்சியும் காத்திருக்காது. அதனால் எடுக்கவே எடுக்காதீர்கள் என்று சும்மா சொல்லவில்லை, அக்காவிடம் பேசிவிட்டேன். வண்டி எடுக்கும்போது உங்கள் போனில் கால் ஃபார்வர்டிங் போட்டுவிட்டால் பார்ட்டி கூப்பிடுவது அக்காவுக்குப் போகும். ரேட் அவளுக்குத் தெரியும், பேரம் பேசுவதில் உங்களைவிடக் கெட்டி, வர முடியுமா என்று மட்டும் நீங்கள் அடுத்த நிறுத்தத்தில் பார்த்துச் சொன்னால் போதும். வண்டியில் இருக்கிற கஸ்டமருக்கும் இது பிடிக்கும். குடும்பத்தோடு ஏறுகிறவர்கள் டிரைவர் வழி முழுக்கப் போன் பேசுவதைப் பார்த்துக்கொண்டுதான் வருகிறார்கள், வாய்விட்டுச் சொல்வதில்லை, அடுத்த தடவை வேறு வண்டி பார்த்துக்கொள்கிறார்கள்.

வீட்டு விஷயம் இன்னும் முக்கியம். ஸ்கூல் ஃபீஸ், மாத்திரை தீர்ந்துபோனது, சொந்தக்காரர் வீட்டுச் சண்டை எல்லாம் நீங்கள் ஓட்டிக்கொண்டிருக்கும்போதுதான் உங்கள் காதுக்கு வருகிறது. ரேட் பேசுவதைவிட அதுதான் மனசை அதிகம் இழுக்கும். இனி வீட்டிலிருந்து யாரும் உங்களைக் கூப்பிடப் போவதில்லை என்று நானும் அக்காவும் முடிவு செய்திருக்கிறோம், பிள்ளைகளிடமும் சொல்லியாயிற்று. டீக்கு நிறுத்தும்போது நீங்களே கூப்பிடுங்கள். நிறுத்துவதும் ஹோட்டல் வாசலிலோ பெட்ரோல் பங்கிலோ இருக்கட்டும், ராத்திரியில் ரோட்டோரம் ஒதுக்கி நின்று பேச வேண்டாம், பின்னால் வருகிற லாரிக்காரர் தூக்கக் கலக்கத்தில் இருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். ஃபார்வர்டிங்கை நானே போட்டுக் காட்டுகிறேன், டிரிப் எழுதி வைக்க அக்கா ஒரு நோட்டு வாங்கிவிட்டாள். திங்கட்கிழமை தூத்துக்குடி சவாரி இருக்கிறது என்றீர்களே, அதிலிருந்தே ஆரம்பிப்போம். ஒரு மாதம் பாருங்கள், டிரிப் குறைந்தால் என்னிடம் கணக்கைக் காட்டுங்கள், வேறு வழி யோசிக்கலாம்.

அன்புடன்,
உங்கள் மச்சினன்