சாவடிக் கல் திருப்பணி: நிறைவு அறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

நம் ஊர்ச் சாவடியின் கிழக்குச் சுவரில் பதிந்திருக்கும் யுத்தக் கல்லைச் சுத்தம் செய்து, சுவரைச் செப்பனிட்டு, மேலே ஓடு போடும் வேலை நல்லபடியாக முடிந்தது. வரவு செலவு தணிக்கையாகிச் சாவடிப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. ரசீதுகள் பொருளாளரிடம் உள்ளன; யாரும் கேட்டுப் பார்க்கலாம்.

கல்லின் மேல் தலைமுறை தலைமுறையாக அடித்த வெள்ளையை ஆசிட் ஊற்றிக் கரைத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். குழு சம்மதிக்கவில்லை. தண்ணீரில் ஊறவிட்டு மூங்கில் சிம்பால் சுரண்டினோம். நாள் பிடித்தது, ஆனால் ஓர் எழுத்தும் உதிரவில்லை. சுவரின் சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரையே பூசியிருக்கிறோம். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. உப்புப் பூத்துக் கல் பொரிந்துவிடும்.

1914-1919 மகா யுத்தத்துக்கு (முதல் உலகப் போருக்கு) இவ்வூரிலிருந்து போனவர்கள் இத்தனை பேர், உயிர் விட்டவர் ஒருவர். கல்லில் இருப்பது இவ்வளவுதான். மதராஸ் மாகாணத்தின் பல ஊர்களில் அன்றைய சர்க்கார் இப்படிக் கல் பதித்தது. ஆட்களை எண்ணியவர்கள் பெயரை விட்டுவிட்டார்கள்.

அந்த ஒருவரைக் கீழத்தெருவில் பட்டாளத்துத் தாத்தா என்பார்கள். தம்பி வழிப் பேரப்பிள்ளைகள் கூப்பிட்ட முறை அது. அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. இருபது வயது முடிந்ததோ இல்லையோ. வயல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பையன், வீட்டில் சொல்லாமல் 63-ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி என்ற காலாட்படைப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். மணியார்டர் வந்த பிறகுதான் அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததாம்.

1914 அக்டோபரில் பம்பாயிலிருந்து கப்பலேறிய பிரிட்டிஷ் இந்தியப் படையில் இந்தப் பட்டாளமும் இருந்தது. நவம்பர் தொடக்கத்தில், ஜெர்மானியர் வசமிருந்த கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் இறக்கினார்கள். சுமார் 8,000 பேர் கொண்ட இந்தப் படையை ஜெர்மானியர் தரப்பின் சுமார் 1,000 பேர் முறியடித்தார்கள். சண்டையில் கலைந்த தேனீக்கள் வேறு கொட்டின. 5-ஆம் தேதி மிஞ்சியவர்கள் கப்பலுக்குத் திரும்பினார்கள். நம் பையன் திரும்பவில்லை. பிற்பாடு எழுதியவர்கள் இந்தப் பட்டாளம் சிதறி ஓடியது என்று எழுதி வைத்தார்கள். வாரக்கணக்கில் கப்பலில் அடைபட்டுக் கிடந்து, கண்டறியாத புதர்க்காட்டில் இயந்திரத் துப்பாக்கிக்கு முன்னால் தள்ளப்பட்ட பிள்ளைகள் அவர்கள். திட்டம் போட்டவர்களின் தவறைச் சிப்பாய்களின் தலையில் கட்டியதை இக்குழு ஏற்கவில்லை. அதை இவ்வறிக்கையில் பதிவு செய்கிறோம்.

குடும்பத்தார் அவருடைய வெள்ளிப் பதக்கத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை. மறுபக்கம் குதிரைமேல் ஒரு வீரன், 1914, 1918 என்ற ஆண்டுகள். பெற்றவரின் எண்ணும் பெயரும் பட்டாளமும் விளிம்பில் பொறித்திருப்பது வழக்கம். லென்ஸ் வைத்துப் பார்த்ததில் 63 தெரிந்தது. பெயர் இருந்த இடம் வழவழவென்று இருக்கிறது. அவருடைய அம்மாவும், பிறகு தம்பி மனைவியும், அவருக்குப் பின் வந்த மருமகள்களும் ஆடி அமாவாசை தோறும் திருநீறு தொட்டுத் துலக்கித் துலக்கியே எழுத்து தேய்ந்துவிட்டது. அந்தக் கைகளைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்?

பெயரைக் கேட்டால் பெரியவர்கள் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். ஆதாரமில்லாமல் வெட்ட வேண்டாம் என்று குழு ஒருமனதாக முடிவெடுத்தது. பழைய கல்லுக்குக் கீழே பதித்த புதுக் கல்லில் "பட்டாளத்துத் தாத்தா, டாங்கா, நவம்பர் 1914" என்று மட்டும் வெட்டி, மேல் வரியைக் காலியாக விட்டிருக்கிறோம். தங்க நிற எழுத்தும் பளபளக்கும் கிரானைட்டும் வேண்டுமென்று ஆசைப்பட்டவர்கள் பொறுத்தருள வேண்டும்.

உலகப் போர்களில் இறந்த வீரர்களின் பெயர்களைப் பதிந்து காக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளில், நம் ஊர்ப் பெயரை எத்தனை விதமாக எழுதக்கூடுமோ அத்தனை விதத்திலும் தேடி வருகிறோம். பழைய மணியார்டர் துண்டோ, பென்ஷன் காகிதமோ, சர்க்கார் கடிதமோ யார் வீட்டுப் பெட்டியிலாவது கிடந்தால் செயலாளரிடம் காட்டுங்கள்; நகல் எடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தருவோம்.

பதக்கம் குடும்பத்தாரிடமே ஒப்படைக்கப்பட்டது. கல்லுக்கு மாலை போடலாம். எண்ணெய், சந்தனம், பெயிண்ட் எதுவும் பூச வேண்டாம். மீதித் தொகை கூரைப் பராமரிப்புக்காக வங்கியில் போடப்பட்டுள்ளது.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்