சண்முகத்தின் சர்வாதிகாரி

அன்புள்ள ராகவா,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல். இங்கே கமலாவின் முட்டிவலி தவிர எல்லாரும் சௌக்கியம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் சண்முகத்துக்கு அறுபதாம் கல்யாணம். நீ வராததற்கு அவன் பேசிய பேச்சை எழுத மாட்டேன். பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது, "பத்து வருஷத்துக்கு ஒரு சர்வாதிகாரி வேணும்டா, அப்பத்தான் நாடு உருப்படும்" என்று ஆரம்பித்தான். ஹாஸ்டல் நாளிலிருந்து நாம் கேட்கிற பாட்டுத்தான். ஆனால் இந்தத் தடவை சுற்றியிருந்த பையன்கள் சிரிக்கவில்லை, தலையாட்டினார்கள். எனக்குச் சுருக்கென்றது. நான் வாயெடுப்பதற்குள் போட்டோவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அங்கே சொல்லாததெல்லாம் இப்போது உன் தலையில்.

பரீட்சைக்கு முந்தின ராத்திரி எனக்குப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மாண்டெஸ்கியூவைப் புகட்டியவன் நீ. 1748-இல் அவர் ஆட்சிகளை மூன்றாகப் பிரித்தார்: குடியரசு குடிமக்களின் நற்குணத்தால் நடக்கிறது, முடியாட்சி கௌரவத்தால், எதேச்சாதிகாரம் பயத்தால். அமெரிக்காவின் லூயிசியானாவில் பழம் வேண்டுமென்றால் மரத்தையே வெட்டிவிடுவார்களாம், எதேச்சாதிகாரம் அதுதான் என்று ஓர் அத்தியாயத்தையே இரண்டு வரியில் முடித்தார். நானும் அன்றைக்கு இரண்டு வரிதான் எழுதினேன், மார்க் விழவில்லை.

ஆனால் மனிதர் ஆசியாவில் கால் வைத்ததே இல்லை. எல்லாம் பயணிகள் எழுதியதைப் படித்துத் தெரிந்துகொண்டது. ஔரங்கசீப் காலத்தில் டில்லியில் வைத்தியராக இருந்த பிரெஞ்சுப் பயணி பெர்னியே, இங்கே நிலமெல்லாம் ராஜாவுக்குத்தான், மற்றவர்களுக்குச் சொத்தே கிடையாது என்று எழுதிவைத்திருந்தார். மாண்டெஸ்கியூ உள்ளுக்குள் பயந்தது தன் ஊர் ராஜாக்களுக்கு என்பது என் கட்சி. உதாரணத்துக்கு மட்டும் சுல்தான்களும் பாதுஷாக்களும்.

இங்கேதான் அங்கெத்தில் துப்பெரோன் என்ற பிரெஞ்சு அறிஞர் வருகிறார். இந்த ஆளை நமக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லையே! 1755-இல், இருபத்து மூன்று வயதில், புதுச்சேரியில் வந்து இறங்கியவர். அப்புறம் சூரத்துக்குப் போய் பார்சிக் குருமார்களிடம் அவர்களுடைய வேதமான அவெஸ்தா படித்தார். ஊர் திரும்பி, 1778-இல் மாண்டெஸ்கியூவுக்கு மறுப்பாக ஒரு புத்தகம் போட்டார். சமர்ப்பணம், இந்துஸ்தானத்து மக்களுக்கு. துருக்கி, பாரசீகம், மொகலாய இந்தியா மூன்றிலும் எழுதிய சட்டம் உண்டு, சாதாரண ஜனங்கள் நிலத்தை வாங்குகிறார்கள், விற்கிறார்கள் என்று அடுக்கினார். அங்கே சொத்துரிமையே கிடையாது என்ற பேச்சினால் யாருக்கு லாபம் என்பதையும் அவர் விடவில்லை. நிலமெல்லாம் ராஜாவுடையது என்றால் ராஜாவை ஜெயித்தவனுக்கு அத்தனையும் சொந்தம். வெள்ளைக்காரர்கள் வங்காளத்தில் ஜெயித்த பிளாசிப் போர் முடிந்து 21 வருஷத்தில் ஒரு வெள்ளைக்காரர் இதைப் பார்த்துவிட்டார், ராகவா!

1788-இல், வங்காளத்துக் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான விசாரணையில் பிரிட்டிஷ் எம்.பி. பர்க் போட்ட சண்டையும் ஏறக்குறைய இதுதான். ஆசியாவில் இஷ்டப்படி ஆள்வதுதான் வழக்கம் என்பது ஹேஸ்டிங்ஸ் தரப்பு. கிழக்கிந்தியக் கம்பெனிக்கே இல்லாத அதிகாரத்தை அது உனக்கு எப்படிக் கொடுத்தது என்றார் பர்க். ஏழு வருஷம் இழுத்து ஹேஸ்டிங்ஸ் விடுதலையானார், அது வேறு கதை.

எனக்கு ஆறாதது ஆங்கிலேயத் தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில்தான். சுதந்திரத்துக்காகவே 1859-இல் எழுதிய புத்தகத்தில், நாகரிகமடையாத மக்களை ஆள எதேச்சாதிகாரம் முறையானதே, அவர்களுடைய முன்னேற்றம் நோக்கமாக இருந்தால் போதும் என்கிறார். கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் ஆபீஸில் 35 வருஷம் வேலை பார்த்தவர்! சண்முகமும் அதே கட்சி. உருப்படாதவர்கள் யார் என்று அவனைக் கேட்டுப்பார். க்யூவில் முண்டுகிறவன், இலவசம் வாங்குகிறவன் என்று பட்டியல் நீளும். அதில் அவன் பெயர் இருக்காது. பிரம்பு தன் முதுகிலும் விழுமென்று அவன் நினைத்ததே இல்லை.

துப்பெரோன் கதையில் ஒன்று பாக்கி. 1804-இல் நெப்போலியன் சக்கரவர்த்தியானதும் அறிஞர்களிடம் விசுவாசப் பிரமாணம் கேட்டார்கள். கிழவர் மறுத்துவிட்டார். கையில் காசில்லாத வயோதிகம். அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தார்.

அந்தப் பையன்களைத் திட்டவும் மனம் வரவில்லை. அவர்கள் கேட்பது கொடுமைக்காரனை இல்லை, எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற ஒருவனை. பிரெஞ்சுச் சிந்தனையாளர் டோக்வில் 1840-இல் பயந்தது இதற்குத்தான்: அடிக்காத, உதைக்காத, எல்லாம் தானே பார்த்துக்கொள்கிற அரசு, அதன் கீழே சொன்னபடி நடக்கிற மந்தை. மாண்டெஸ்கியூ சொன்ன பயம்கூட அங்கே தேவைப்படாது. இதற்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தோன்றினால் எழுது.

சண்முகத்திடம் நீயே பேசு. பயத்தால் ஆள முடியும் என்பதற்கு அவன் நல்ல உதாரணம், உனக்கு மட்டும்தான் அடங்குவான். கமலா உன் வீட்டு நார்த்தங்காய் ஊறுகாய் கேட்கிறாள்.

அன்புடன்,
வேணு