மட்டசனமும் மட்டக்களப்புச் சனமும்

தாண்டவன்வெளி,
மட்டக்களப்பு.

அன்பு மச்சான்,

உன் கடிதம் சனிக்கிழமை வந்து சேர்ந்தது. வட்ஸ்அப்பில் இரண்டு வரி போடுகிறவன் ரொறன்ரோவிலிருந்து நாலு பக்கம் கையால் எழுதியிருக்கிறான் என்றால் விசயம் பெரிசு என்று கவரைக் கிழிக்கும்போதே நினைத்தேன்.

தபசு காலம் நாற்பது நாளும் ஒரு சொட்டுக் குடியும் தொடாமல் இருந்துவிட்டு, உயிர்த்த ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டோடு தொடங்கினாயாம். முன்பு வெள்ளிக்கிழமை மட்டும், இப்போது புதன்கிழமையும். அந்த வரியை இரண்டு தரம் வெட்டி எழுதியிருக்கிறாய். வெட்கப்படாதே, என்னிடம்தானே சொன்னாய்.

முதலில் ஒன்று. காலையில் கை நடுங்குகிறது, குடிக்காவிட்டால் வியர்த்துக் கொட்டுகிறது என்றால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வைத்தியரிடம் போ. அந்த நிலையில் திடீரென்று விடுவதும் ஆபத்து. அது வருத்தம், அதற்கு மருந்து வேண்டும். அப்படி ஒன்றும் இல்லை, பழக்கமும் தனிமையும்தான் என்றால் மேலே வாசி.

போன வாரம் உன்னை நினைத்துக்கொண்டு ஆண்டவர் சொன்ன அந்த அசுத்த ஆவியின் கதையை எடுத்து வாசித்தேன். ஒரு மனிதனை விட்டுப் போன ஆவி வறண்ட இடமெல்லாம் அலைந்து, இளைப்பாற இடம் கிடைக்காமல் பழைய வீட்டுக்கே திரும்பி வருகிறது. வீடு கூட்டி, அழகுபடுத்திக் கிடக்கிறது. ஓடிப்போய்த் தன்னைவிடப் பொல்லாத ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு வந்து குடியேறுகிறது. லூக்கா 11இல் இருக்கிறது, மத்தேயு 12இலும் இருக்கிறது. மத்தேயுவில் இன்னொரு சொல் கூட வருகிறது: வீடு வெறுமையாக இருந்ததாம். இவ்வளவு காலமும் அதைக் கவனிக்காமல் வாசித்திருக்கிறேன். பிரச்சினைக் காலத்தில், யுத்தம் நடந்தபோது, சனம் பூட்டிவிட்டுப் போன வீடுகள் உனக்கு நினைவிருக்கும். கூட்டித் துடைத்துத் திறப்பையும் கொண்டுதான் போனார்கள். ஒரு மாரி கழிந்து வந்து பார்த்தால் கதவு நிலையில் கறையான், முகட்டில் வௌவால், குசினிக்குள் பாம்புச் செட்டை. நீயும் நாற்பது நாள் நன்றாகத்தான் கூட்டியிருக்கிறாய், மச்சான். ஆனால் அந்த வெள்ளிக்கிழமைகளில் பின்னேரம் ஏழு மணிக்கு என்ன செய்தாய் என்று நாலு பக்கத்தில் ஓரிடத்திலும் இல்லை. சும்மா இருந்து மணிக்கூட்டைப் பார்த்திருப்பாய்.

மறைக்கல்வி வகுப்பில் தலையான பாவம் ஏழையும், அவற்றுக்கு எதிரான புண்ணியம் ஏழையும் பாட்டுப்போலப் பாடமாக்கினோமே. அகங்காரத்துக்குத் தாழ்ச்சி, கோபத்துக்குப் பொறுமை, காய்மகாரம் என்ற பொறாமைக்குப் பிறர்சிநேகம், போசனப்பிரியத்துக்கு மட்டசனம். மட்டசனம் என்றால் என்ன என்று கேட்டதற்கு, ‘மட்டக்களப்புச் சனம்’ என்று நீ எழும்பிச் சொல்லிக் காது முறுக்கு வாங்கினாய். மட்டாக அசனம் பண்ணுவது, அளவாக உண்பது என்று பிறகுதான் விளங்கியது. இறாலும் நண்டும் எருமைத் தயிரும் கண்ட நம்முடைய சனத்துக்கு அந்தப் பேர் எந்தக் காலத்திலும் பொருந்தாது!

இப்போது நினைத்தால் அந்தப் பட்டியலில் ஏன் சோடி சோடியாக வைத்தார்கள் என்று விளங்குகிறது. ஒன்றை எடுத்த இடத்தில் மற்றதை வைக்கத்தான். எபேசியருக்கு எழுதும்போது பவுலும், திருடினவன் இனித் திருடக்கூடாது என்று சொன்னதோடு விடவில்லை. அவன் கையால் பாடுபட்டு, இல்லாதவனுக்குக் கொடுக்க வேண்டும் என்கிறார். எடுத்துப் பழகிய கை கொடுத்துப் பழக வேண்டுமாம்.

இதை நான் உபதேசமாகச் சொல்லவில்லை. என் கதையைக் கேள். பக்கத்து வளவுக்காரன் மாடி கட்டியதை முன்பே எழுதினேன் அல்லவா? ஓடு வந்து இறங்கிய நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. பொறாமை என்று ஒப்புக்கொள்ளக்கூட ஒரு வருடம் பிடித்தது. அதுவரை ‘காசு எங்கே இருந்து வந்ததோ’ என்று நியாயம் கதைத்துக்கொண்டு திரிந்தேன். பொறாமைப்பட மாட்டேன் என்று காலையில் சொல்லிக்கொண்டு படலையைத் திறந்தால் முதலில் தெரிவது அந்த மாடிதான். சுவாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னபோது அவர் ஒரேயொரு கேள்வி கேட்டார்: ‘அந்த மனிதருக்குக் கடைசியாக நீங்கள் என்ன செய்து கொடுத்தீர்கள்?’

ஒன்றுமில்லை. பிறகு ஒரு கட்டு முருங்கைக்காய் கொண்டுபோனேன். உண்மையைச் சொல்லவேண்டும், முற்றலாகப் பார்த்துத்தான் கட்டினேன். அடுத்த முறை பிஞ்சாகக் கொடுத்தேன். பிறகு அவர்கள் கொழும்புக்குப் போயிருந்த நேரம் மழை அடித்து ஊற்றியது. இரவு டோர்ச்சோடு போய் அவர்களுடைய வாய்க்காலை வெட்டிவிட்டேன். இப்போது அந்தக் கூரை ஒழுகினால் எனக்குத்தான் கவலை. முழுக்க மாறிவிட்டேன் என்று நினைக்காதே. தை மாதம் புது வான் ஒன்று வந்து நின்றது, மூன்று நாள் வயிறு எரிந்தது. முருங்கைக்காய் பிடுங்கப் போனால் மரத்தில் பூ மட்டும்தான்.

குடிக்கு என்ன செய்யலாம் என்று கேட்டாய். நம்முடைய இயேசு சபைப் பாதிரிமாரின் குருவான இஞ்ஞாசியார் சாப்பாட்டுக்கென்று சில ஒழுங்குகள் எழுதி வைத்திருக்கிறார். பழைய போர்வீரன் அல்லவா, 1521இல் பம்பலோனாவில் குண்டு பட்டு விழுந்தவர், மனிதனுடைய பலவீனம் தெரிந்தவர். அடுத்த வேளை எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பசிக்கும்போது தீர்மானிக்காதே, சாப்பிட்டு முடிந்து வயிறு நிறைந்திருக்கும்போது தீர்மானி என்கிறார். அந்த அளவைத் தாண்டச் சபலம் வந்தால், குறித்ததைவிடக் குறைத்துச் சாப்பிடு என்கிறார். செபத்துக்கும் அதே மாதிரித்தான். ஒரு மணித்தியாலம் இருக்க மனம் வராவிட்டால், அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்துவிட்டு எழும்பச் சொல்கிறார். வீம்புக்காரன் வேலை என்று என் மனைவி சிரித்தாள். ஆனால் நீயும் நானும் வீம்புக்காரர்கள்தானே, நமக்குச் சரிவரும். வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு என்ன செய்யப் போகிறாய் என்பதை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போதே முடிவெடு. ஏழு மணிக்கு முடிவெடுக்க உட்கார்ந்தால் போத்தல்தான் வெல்லும்.

உன் மாடியில் இருக்கும் அந்த யாழ்ப்பாணத்து ஐயாவுக்குக் கடைக்குப் போய்வர ஆளில்லை என்று கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். வெள்ளி பின்னேரம் அவரை ஏற்றிக்கொண்டு போ. நன்மை செய்கிறேன் என்ற முகத்தோடு போகாதே, உனக்கும் மரக்கறி வேண்டும்தானே.

இன்னொன்றும் எழுதத் தோன்றுகிறது. இது குடிக்கு அல்ல, ஓய்வு பெற்ற நம் இருவருடைய சோம்பலுக்கு. நாலாம் நூற்றாண்டில் எகிப்தின் வனாந்தரத்தில் இருந்த எவாகிரியு என்ற துறவி சோம்பலை மத்தியானப் பேய் என்கிறார். அது பிடித்தால் சூரியன் அசையாதாம், நாள் ஐம்பது மணித்தியாலம்போல நீளுமாம். சித்திரை வெயிலில் இங்கே இரண்டு மணிக்கு விறாந்தையில் இருந்து பார்த்தால் ஆள் சொன்னது அச்சொட்டாகச் சரி. எகிப்து வனாந்தரத்தில் இருந்த பவுல் என்ற இன்னொரு துறவியைப் பற்றி ஒரு கதை உண்டு. அவர் இருந்த இடத்திலிருந்து ஊருக்கு ஏழு நாள் நடை, அதனால் விற்க வழியில்லை. ஆனாலும் நாளாந்தம் ஓலை சேர்த்து, கணக்குப் போட்டு வேலை செய்வார். வருடம் முடிய குகை நிறைந்துவிடும். எல்லாவற்றையும் எரித்துவிட்டுத் திரும்பத் தொடங்குவார். முதலில் பைத்தியம் என்றுதான் நினைத்தேன். இப்போது நானும் பின்வளவில் பெட்டி இழைக்கிறேன். எரிக்கத் தேவையில்லை, அவையே இரண்டு கிழமையில் பிரிந்துவிடுகின்றன.

ஊர்ப் புதினம் பெரிதாக ஒன்றுமில்லை. வெபர் மைதானப் பக்கம் போனால் உன் ஞாபகம் வரும். இடக்கை வராதென்று அழுத உன்னை ஒரு தவணை முழுக்க இடக்கையால் மட்டும் பந்து தட்ட வைத்தார்களே. வலக்கையைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. கல்லடிப் பாலத்தடியில் இப்போதும் இரவில் மீன் பாடுகிறது என்கிறார்கள். என் காதுக்கு ஓட்டோச் சத்தம்தான் கேட்கிறது. செத்தல் மிளகாய் விலை கேட்டால் நீ அங்கேயே இருந்துவிடுவாய்.

புரட்டாதியில் ஆயித்தியமலை மாதா திருநாளுக்கு வருகிறேன் என்று இரண்டு வருடமாகச் சொல்கிறாய். இந்த முறை வா. நடந்து போவோம். என் முழங்கால் பாதி வழியில் மறுத்தால் நீ மிச்சத்தை நட, நான் பஸ்ஸில் வந்து தேத்தண்ணீரோடு நிற்கிறேன்.

அதுவரைக்கும் ஒரு ஒழுங்கு செய்வோம். உனக்கு வெள்ளி பின்னேரம் ஏழு மணி என்றால் எனக்குச் சனி விடியற்காலம் நாலரை. நான் எப்படியும் அந்த நேரம் எழும்பிவிடுகிறேன், வயது. ஐயாவைக் கடைக்குக் கூட்டிப் போக வண்டியை எடுக்குமுன் எனக்கு ஒரு அழைப்புப் போடு. நான் தேத்தண்ணீர் வைத்துக்கொண்டு கதைப்பேன். மூன்று முறை மணி அடித்து எடுக்காவிட்டால் விடாதே, நான் குசினியில் சீனிப் போத்தல் தேடிக்கொண்டிருப்பேன்.

உன் பழைய வாங்குத் தோழன்