கேசட்டுகள் வந்து சேர்ந்தன, முருகேசா

மந்தைவெளி, சென்னை
கார்த்திகை கடைசி வாரம்

அன்புள்ள முருகேசனுக்கு,

பார்சல் பத்திரமாக வந்து சேர்ந்தது. பழைய வேட்டியில் சுற்றி, இடுக்கெல்லாம் செய்தித்தாளைத் திணித்து அனுப்பியிருந்தாய். ஒரு கேசட்டின் மூடிகூட உடையவில்லை. தங்கச்சிக்கு முழங்கால் வலி இப்போது தேவலையா? இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்குக் கோயம்புத்தூருக்கு வேலை மாற்றல் வந்திருக்கிறது, தை பிறந்ததும் போகிறாள். வீட்டுச் சமாசாரம் மற்றதெல்லாம் ஃபோனில் பேசிக்கொள்ளலாம். இந்தக் கடிதத்தில் நம் பின்னணிப் பாடகர் பி.பி.ஸ்ரீநிவாஸைப் (பி.பி.எஸ்.) பற்றித்தான் எழுதப்போகிறேன்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். வானொலியிலிருந்து பதிந்த, பாட்டுகளுக்கு நடுவே பேசி விளக்குகிற அந்த விவரண நிகழ்ச்சிகளில் பாட்டு வருகிற இடமெல்லாம் இரைகிறது, அதே பாட்டுகள் இன்று துல்லியமாகக் கிடைக்கின்றன, எனவே பழைய பாட்டை எடுத்துவிட்டுப் புதிய பதிவை அங்கே ஒட்டிவிடலாமா என்று கேட்டிருந்தாய். நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறாய். ஆனாலும் வேண்டாம், முருகேசா. ஒரு விநாடியைக்கூட வெட்டாமல் அப்படியே வைத்துக்கொள்வோம்.

ஏன் என்று சொல்கிறேன். நீ 'பி.பி.எஸ். - 2' என்று எழுதியிருக்கிற கேசட்டைப் போட்டுக் கேள். அறிவிப்பாளர் பாட்டை முழுதாகப் போடுவதே இல்லை. 'காலங்களில் அவள் வசந்தம்' பல்லவி முடிந்து இடையிசை தொடங்கியதும் சத்தத்தைக் கீழே இறக்கிவிட்டு, அந்த இசையின் மேலேயே பேசுகிறார். 1961-ல் 'பாவமன்னிப்பு' வந்தது, ஜெமினி கணேசனுக்கு இந்தக் குரல் எப்படிப் பொருந்திப்போனது என்று சொல்லிக்கொண்டே வந்து, சரணம் தொடங்குவதற்கு ஒரு மூச்சு முன்னால் நிறுத்துகிறார். சரணம் அந்த மௌனத்துக்குள் வந்து விழுகிறது. இது தற்செயலாக அமைந்ததல்ல. பாட்டு ஓடுகிற நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்து, தன் பேச்சை அதற்கேற்ப அளந்து எழுதியவர் செய்த வேலை. அந்த இடத்தில் புதிய பதிவை எப்படி ஒட்டுவாய்? இடையிசைக்கு மேலே அவர் பேசுகிறாரே! பேச்சை விட்டால் பாட்டு மிஞ்சும், பாட்டை மாற்றினால் பேச்சு அறுந்துபோகும். பாட்டு உலகமெங்கும் இருக்கிறது. அந்தப் பேச்சு, எனக்குத் தெரிந்து, உன் வீட்டு அலமாரியில் மட்டும்தான் இருந்தது.

வாலியின் கதை வருகிற பகுதியையும் கவனித்திருப்பாய். வாலி அதை மேடைகளில் பலமுறை சொல்லியிருக்கிறார். சென்னையில் வாய்ப்புக் கிடைக்காமல் நொந்துபோய், ஊருக்கே திரும்பிவிடலாம் என்று அவர் முடிவெடுத்திருந்த சமயம். பார்க்க வந்த பி.பி.எஸ்.ஸிடம் சமீபத்தில் என்ன பாடினீர்கள் என்று கேட்கிறார். 'சுமைதாங்கி'க்காகக் கண்ணதாசன் எழுதிய 'மயக்கமா கலக்கமா'வை அவர் அங்கேயே பாடிக் காட்டுகிறார். வாலி ஊருக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு அவர் எழுதியதெல்லாம் நமக்குத் தெரியும். ஒரு கவிஞரின் பாட்டு இன்னொரு கவிஞரைப் பிடித்து நிறுத்தியது, நடுவில் நின்றது இந்தக் குரல். அறிவிப்பாளர் இந்தக் கதையைச் சொல்லிவிட்டுப் பாட்டைப் போடுகிறார் பார், அப்போது ஒலிபெருக்கியில் கொஞ்சம் இரைச்சல் இருந்தால் என்ன? கதையைக் கேட்டுவிட்டுக் கேட்கிற பாட்டு வேறு, சும்மா கேட்கிற பாட்டு வேறு. 2013 ஏப்ரல் 14, சித்திரை முதல் நாளன்று பி.பி.எஸ். போனார். அதே வருஷம் ஜூலை 18-ல் வாலியும் போய்விட்டார். மூன்று மாத இடைவெளி. அதை நினைத்தால் இன்னமும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இந்த மாதிரிக் குரலே வானொலிக்கும் மைக்குக்கும் கடன்பட்டது என்று நினைக்கிறேன். மைக் இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசைவரை எட்டும்படி பாடியவர்களின் தொண்டை வேறு மாதிரி இருந்தது. மைக் வந்த பிறகுதான் ஒரு மனுஷன் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற அளவுக்குச் சத்தத்தைக் குறைத்துப் பாட முடிந்தது. அமெரிக்காவில் பிங் கிராஸ்பி அப்படித்தான் புகழ்பெற்றார். நம்மிடம் ஏ.எம்.ராஜா, அவருக்குப் பின்னால் பி.பி.எஸ். 1962-ல் வந்த 'படித்தால் மட்டும் போதுமா' படத்தில் டி.எம்.எஸ்.ஸும் பி.பி.எஸ்.ஸும் சேர்ந்து பாடிய 'பொன்னொன்று கண்டேன்' பாட்டைக் கேட்டால் இது தெளிவாகப் புரியும். டி.எம்.எஸ். குரல் எழும்பி நிற்கிறது. மற்றவர் அதோடு போட்டிக்கே போகவில்லை. தன் அளவிலேயே நின்று வரியை முடிக்கிறார். இருந்தும் இரண்டு குரலும் சரிசமமாக நிற்கின்றன. ஒரு நல்ல விவரண நிகழ்ச்சி இதைத்தான் காட்டித் தரும்: இங்கே கேள், இந்த எழுத்தில் எப்படி இழைகிறார் பார் என்று.

கிராஸ்பி பெயரை எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீ அனுப்பிய கேசட்டுகளுக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது, தெரியுமா? வாராவாரம் நேரலையில் வந்து பாடியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அவருக்குப் பிடிக்கவில்லை. முன்கூட்டியே பதிந்து ஒலிபரப்ப வேண்டும் என்று கேட்டார். தட்டில் பதிந்தால் தரம் குறைந்தது. போர் முடிந்தபின் ஜாக் மல்லின் என்ற ராணுவப் பொறியாளர் ஜெர்மனியிலிருந்து 'மேக்னடோஃபோன்' என்ற டேப் இயந்திரங்கள் இரண்டைத் துண்டு துண்டாகப் பிரித்து ஊருக்கு அனுப்பியிருந்தார். அதைக் கேட்டுப் பார்த்த கிராஸ்பி தன் நிகழ்ச்சியை டேப்பில் பதியச் செய்தார். 1947 அக்டோபரிலிருந்து அப்படியே ஒலிபரப்பானது. ஆம்பெக்ஸ் என்ற சின்ன கம்பெனி அமெரிக்காவிலேயே அந்த இயந்திரத்தைச் செய்வதற்கு 50,000 டாலர் பணமும் கொடுத்தார். வானொலியில் டேப் நிலைத்ததற்கு ஒரு மென்குரல் பாடகரின் பிடிவாதம் பெரிய காரணம் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். 1952-ல் கேஸ்கர் ஒலிபரப்பு அமைச்சராக வந்தபின் ஆகாசவாணியில் சினிமாப் பாட்டுக்கு இடம் இல்லாமல் போனது. அந்த இடத்தை இலங்கை வானொலி பிடித்துக்கொண்டது. 1957 அக்டோபரில் சினிமாப் பாட்டுப் போட ஆகாசவாணியே தொடங்கிய விவித் பாரதி வந்த பிறகும் உங்கள் தூத்துக்குடிப் பக்கம் இலங்கைதான் ராஜா. கடலைத் தாண்டி வருகிற அலை உங்களுக்குத் தெளிவாகக் கிடைத்தது. இங்கே மந்தைவெளியில் நாங்கள் குமிழைத் திருகிக்கொண்டே இருப்போம். அதனால்தான் நல்ல பதிவெல்லாம் உங்கள் பக்கத்து வீடுகளில் இருக்கிறது. ஸ்பூல் டேப் விலை அதிகமாக இருந்த காலத்தில், ஒலிபரப்பு முடிந்ததை அழித்து அதன்மேலேயே அடுத்ததைப் பதிவது பல நாட்டு வானொலிகளிலும் நடந்தது. நிலையத்தில் இல்லாதது நேயர் வீட்டில் இருக்கும். நம்மைப் போன்றவர்கள் இப்போது தேடித் தேடி ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வதன் அருமை அதில்தான் இருக்கிறது.

கேசட்டுகளின் நிலைமையைச் சொல்கிறேன். இரண்டில் பூஞ்சை, வெள்ளையாகப் படிந்திருக்கிறது. அதை அப்படியே ஓட்டினால், டேப்பிலிருந்து ஒலியை எடுக்கிற ஹெட்டில் அப்பிக்கொண்டு அடுத்த கேசட்டையும் கெடுக்கும். அதனால் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்றில் டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சு உதிர்ந்துபோயிருந்தது. ரிச்சி தெருவில் ஒரு பழைய கடையில் ஸ்க்ரூ போட்ட காலி கேசட் கிடைத்தது, டேப்பைச் சுருளோடு தூக்கி அதற்குள் மாற்றிவிட்டேன். இப்போது நன்றாகப் பாடுகிறது. 90 நிமிஷக் கேசட்டை வேகமாக முன்னும் பின்னும் ஓட்டவே ஓட்டாதே. 60 நிமிஷக் கேசட்டைவிட அதில் டேப் மெல்லியது, இழுபட்டுவிடும். ஹெட் கோணத்தைக் கேசட்டுக்குக் கேசட் சரிசெய்து கேட்கிறேன். சின்ன ஸ்க்ரூதான், கால் திருப்பு திருப்பினால் மூடிக்கிடந்த 'ச'வும் 'ஸ'வும் பளிச்சென்று திறக்கின்றன. பி.பி.எஸ். பாட்டுக்கு அது ரொம்ப முக்கியம், அவர் குரலில் பாதி அழகு மூச்சிலும் இந்த மெல்லிய ஒலிகளிலும் இருக்கிறது. இரைச்சல் நீக்கும் மென்பொருளை மூலப்பிரதியில் நான் தொடவே இல்லை. அது இரைச்சலோடு அந்த மூச்சையும் துடைத்துவிடுகிறது. வேண்டுமானால் கேட்பதற்கென்று தனியாக ஒரு பிரதி செய்துகொள்ளலாம். சுருக்காத பிரதி கையில் இருக்க வேண்டும். சி.டி. தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 635 எம்.பி. ஆகிறது, இன்றைக்கு அது பெரிய இடமே இல்லை. வாட்ஸப்பில் அனுப்பும்போது ஆடியோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பு, அப்படியே வந்து சேரும்.

இன்னொன்று. 'பி.பி.எஸ். - 4' உன் அப்பா ரேடியோவுக்கு முன்னால் ரெக்கார்டரை வைத்துப் பதிந்தது என்று நினைக்கிறேன். வீட்டுச் சத்தம் எல்லாம் கூடவே விழுந்திருக்கிறது. யாரோ பாத்திரம் வைக்கிறார்கள், யாரோ உன்னைக் கூப்பிடுகிறார்கள். பத்தாவது நிமிஷத்தில் கோயில் மணி அடிக்கிறது. பனிமய மாதா கோயில் மணியாகத்தான் இருக்க வேண்டும். அது மதிய மணியா, சாயங்கால மணியா என்று உனக்குக் கேட்டாலே தெரியும். தெரிந்தால் நிகழ்ச்சி எந்த வேளையில் ஒலிபரப்பானது என்று பிடித்துவிடலாம், வேளை தெரிந்தால் எந்த நிலையம் என்பதும் ஓரளவு பிடிபடும். பார், நீ வெட்டச் சொல்கிற சத்தம்தான் நமக்கு சாட்சி சொல்கிறது.

நேற்று செம்மொழிப் பூங்கா பக்கம் போயிருந்தேன். உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் இருந்த இடம் அது என்று பேரனுக்குச் சொன்னேன். சட்டைப் பையில் வண்ண வண்ணப் பேனாக்களைச் செருகிக்கொண்டு பி.பி.எஸ். அங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பாரே, நாம் இரண்டுபேரும் காபியை ஆறவிட்டுத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்போமே. கிட்டே போய்ப் பேசியவர்களிடமெல்லாம் அவர் அன்பாகப் பேசினார் என்று பிற்பாடு கேள்விப்பட்டோம். காக்கிநாடாவில் பிறந்தவர், வீணை வித்வான் எமனி சங்கர சாஸ்திரி வழியாக ஜெமினி ஸ்டுடியோவுக்கு வந்து 1952-ல் இந்திப் படமான 'மிஸ்டர் சம்பத்'தில் முதலில் பாடியவர், கன்னடத்தில் ராஜ்குமாருக்குக் குரலாக இருந்தவர், எட்டு மொழியில் எழுதியவர். அவ்வளவும் ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தது. பேரன் ஒரு பாட்டுப் போடச் சொன்னான். ஃபோனில் உன் கேசட்டிலிருந்து எடுத்த பகுதியைத்தான் போட்டேன், அறிவிப்போடு. பாட்டு வருவதற்கு முன்னால் பேசுகிறவர் யார் என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

அதனால் உன்னிடம் மூன்று உதவி. அட்டையில் அப்பா கைப்பட ஏதாவது எழுதியிருந்தால், பென்சில் கிறுக்கலானாலும், ஃபோட்டோ எடுத்து அனுப்பு. '3'-ன் இரண்டாம் பக்கம் காலியாக இருக்கிறது, நிகழ்ச்சியின் மீதி வேறு கேசட்டில் விழுந்திருக்கும், பரணில் தேடிப் பார். உன் தெருவில் ரேடியோ ரிப்பேர் பார்த்தவர் வீட்டிலும் பழைய டேப் இருக்கும் என்று ஒருமுறை சொன்னாய், அவர் மக்களிடம் ஒரு வார்த்தை கேள். விலைக்குத் தரமாட்டார்கள் என்றால் இங்கே கொண்டுவர வேண்டாம், பொங்கல் கழிந்ததும் நானே மெஷினோடு தூத்துக்குடி வருகிறேன். அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து பதிந்துகொண்டு, அவர்களுக்கும் ஒரு பிரதி கொடுத்துவிட்டு வரலாம்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன்,
ரகு

பி.கு.: பூஞ்சை பிடித்த இரண்டையும் வெயிலில் காயவைக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதே. சூட்டில் டேப் நெளிந்துவிடும். மீதிக் கேசட்டுகளை அரிசி டப்பா பக்கத்திலிருந்து எடுத்து, காற்றோட்டமான அலமாரியில் நிமிர்த்தி வை.