மெழுகுக் கட்டியில் மாதத்தை எழுதித் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்த்தாண்டம் தேனைப் பற்றி உங்கள் பத்திரிகையில் நிறைய வருகிறது, சந்தோஷம். ஆனால் தேன் எடுத்த பிறகு மிஞ்சும் மெழுகைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் களியக்காவிளைப் பக்கம் இருக்கிறேன். எட்டு வருடமாகத் தேன்மெழுகில் ஓவியம் தீட்டுகிறேன், என்காஸ்டிக் என்று சொல்வார்கள். மெழுகை உருக்கி, குங்கிலியப் பிசினும் நிறப்பொடியும் கலந்து, சூடு ஆறுவதற்குள் மரப்பலகையில் தீட்டி, ஒவ்வொரு பூச்சுக்கும் மறுபடி சூடு காட்டி அடிப்பூச்சோடு சேரவைக்க வேண்டும். எகிப்தில் ஃபாயும் பகுதியில் கிடைத்த முகச் சித்திரங்களில் பலவும் இப்படித் தீட்டியவைதான், ஆயிரத்தைந்நூறு வருடம் தாண்டியும் அந்த முகங்கள் நம்மைப் பார்க்கின்றன.

எட்டுப் பங்கு மெழுகுக்கு ஒரு பங்கு பிசின் என்பது பரவலாகச் சொல்லும் கணக்கு. நானும் அப்படித்தான் தொடங்கினேன், ஆனால் நம் ஊர் மெழுகு கட்டிக்குக் கட்டி மாறுகிறது. தை, மாசியில் ரப்பர் தளிர்க்கும்போது தேன் எடுக்க அடையின் மூடியைச் சீவுவார்களே, அந்த மெழுகு வெளுப்பாக இருக்கும். தேனீப் புழுக்கள் வளர்ந்த பழைய அடையை உருக்கினால் வருவது கறுத்த பழுப்பு. இரண்டையும் ஒன்றாக உருக்கி விற்றால் நீலம் கலந்தாலும் பச்சையாகத்தான் தெரிகிறது. நாட்டு மருந்துக் கடைக் குங்கிலியத்திலும் பட்டையும் தூசியும் கிடக்கும், உருக்கித் துணியில் வடிகட்டாமல் ஆகாது.

இரண்டு வருடத்துக்கு முன் ரோட்டுக்காக வெட்டிய செம்மண் சரிவு ஒன்றைத் தீட்டினேன், அதற்கு ஜோடியாக இன்னொன்று கேட்டார்கள், அந்தச் சிவப்பு எனக்குத் திரும்ப வரவே இல்லை. எந்த மெழுகு, எவ்வளவு காவி, எவ்வளவு சூடு, எதையும் நான் எழுதி வைக்கவில்லை. அன்று அழுதேன்.

அப்புறம்தான் உள்ளங்கை அளவு பிளைவுட் துண்டுகளில் மாதிரி தீட்டி வைக்கத் தொடங்கினேன். இப்போது முந்நூறுக்கு மேல் இருக்கின்றன. முதலில் நிற வாரியாக அடுக்கினேன், பார்க்க அழகு, வேலைக்கு உதவவில்லை. இப்போது மெழுகு வந்த வரிசையில் வைக்கிறேன், ஏனென்றால் படம் தொடங்கும்போது என் கையில் முதலில் இருப்பது மெழுகுதான். படுக்கவைத்து அடுக்கினால் ஏப்ரல் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிவிடும், அதனால் தட்டு ஸ்டாண்டில் நிறுத்தி வைத்திருக்கிறேன். நமக்கு மழை இரண்டு தடவை வருகிறது, நோட்டெல்லாம் பூத்துப் போகிறது. அதற்கு ஒரு வழி உண்டு: பென்சிலால் எழுதிய சீட்டைத் தெளிந்த மெழுகில் ஒரு முறை முக்கி எடுத்துத் துண்டின் பின்னால் ஒட்டிவிட வேண்டும், பூஞ்சை அண்டாது. பத்மநாபபுரம் அரண்மனைச் சுவரோவியங்களைப் பார்த்துவிட்டு வந்து, அந்தக் காவியும் பச்சையும் கண்ணில் இருக்கும்போதே கலந்து பார்த்த துண்டுகளும் அதில் உண்டு. போனில் எடுத்த ஆயிரம் போட்டோவைவிட அவைதான் எனக்கு உதவுகின்றன. ஓவியம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் இதை முதல் நாளிலேயே பிள்ளைகளுக்குப் பழக்கிவிட்டால் நல்லது.

தேனீ வளர்க்கும் அண்ணன்மார், அக்காமாரிடம் எனக்கு ஒரே வேண்டுகோள்தான். மூடி மெழுகையும் பழைய அடையையும் தனித்தனியாக உருக்குங்கள், எந்த மாதம், எந்தத் தோட்டம் என்று எழுதித் தாருங்கள். நான் கூடுதல் விலை தந்து வாங்கிக்கொள்கிறேன். ஒரு துண்டுத் தாள் போதும், மெழுகு உறையத் தொடங்கும்போது மேலே வைத்தால் அதுவே பிடித்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
களியக்காவிளை